சொல்லுக்குச் சக்தி உண்டு: கோதை நாச்சியாரும் நம் குழுக் கூட்டமும்



வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் நம் பெரியவர்கள் விடுவதில்லை. "போயிட்டு வாரேன்னு சொல்லு தாயி" என்று திருத்துவார்கள். விளக்கை "அணை" என்று சொல்ல மாட்டோம், "குளிர வை" என்போம். விளக்கு வைத்த நேரத்தில் "இல்லை" என்ற சொல் வாயில் வரக் கூடாது என்பார்கள். ராஜபாளையம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் இன்னொன்றும் சொல்வார்கள். ததாஸ்து தேவதைகள் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் எதைச் சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும், அதனால் நல்லதையே பேசு என்பார்கள்.

ஆக, சொல்லுக்குச் சக்தி உண்டு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு பயிற்சியில் ஒரு சகோதரி எழுந்து எங்களைக் கேட்டார்: "நல்லதே நினை, நல்லதே சொல்லு, நடக்கும்னு சொல்றீங்க மேடம். நானும் தினமும் கடன் தீரணும், கடன் தீரணும்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். தீரலையே?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நியாயமான கேள்வி அது. அதற்கான பதிலை வெளியூரில் தேட வேண்டியதில்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

நம்ம ஊர்ப் பெண்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போனவர்கள் அந்த நந்தவனத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரியாழ்வார் பூப்பறித்து மாலை கட்டிய இடம். அங்கே துளசிச் செடிக்குப் பக்கத்தில் கிடைத்த குழந்தைதான் கோதை, பின்னாளில் ஆண்டாள். கடவுளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள் என்பதும், அழகு பார்த்த கண்ணாடிக் கிணறும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான்.

அவர் பாடி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. பன்னிரண்டு ஆழ்வார்களில் பெண் அவர் ஒருவர்தான். அவர் விட்டுப்போனது இரண்டு நூல்கள். திருப்பாவை 30 பாட்டு, நாச்சியார் திருமொழி 143 பாட்டு. மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக நம் ஊர்ப் பெண்ணின் திருப்பாவைதான் ஒலிக்கிறது. நாச்சியார் திருமொழியில் தன் கல்யாணத்தைக் கனவில் கண்டதாகத் தோழியிடம் ஒவ்வொரு சடங்காகச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. வைணவ வீட்டுக் கல்யாணங்களில் இன்றைக்கும் அதை ஓதுகிறார்கள்.

அவர் காலத்துப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். யாரைக் கட்டிக்கொள்வது என்பதை வீடும் ஊரும் முடிவு செய்யும். அந்தக் காலத்தில், "மனுஷனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், அரங்கனைத்தான் அடைவேன்" என்று தன் மனதில் இருந்ததைத் தன் வாயால் சொன்னவர் அவர். மனதுக்குள் மட்டும் வைத்திருந்தால் அது ஒரு பெண்ணின் ஆசையோடு முடிந்திருக்கும். வெளியே சொன்னார், பாட்டாகச் சொன்னார், தோழிகளையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். அதனால்தான் ஊர் இன்றும் அவர் பெயரில் தேர் இழுக்கிறது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறோம். இது பக்திப் பாடம் இல்லை. நம் குழுக்களில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் குடும்பத்துச் சகோதரிகள் இருக்கிறார்கள். எல்லோர் வழியிலும் இந்த விஷயம் இருக்கிறது. பூசைக்கு முன் "சங்கல்பம்" செய்வது இன்ன காரியத்தை இன்ன நோக்கத்தோடு செய்கிறேன் என்று சொல்லித் தொடங்குவதுதான். தொழுகைக்கும் நோன்புக்கும் முன் "நிய்யத்" வைப்பதும் அப்படித்தான், மனதில் நோக்கத்தை உறுதி செய்வது. ஜெபம் முடிந்ததும் சொல்லும் "ஆமென்" என்பதற்கும் "அப்படியே ஆகட்டும்" என்றுதான் பொருள். எண்ணத்தை நேராக்கிக்கொண்டு சொல்லைத் தொடங்கு, சொல்லைத் தொடங்கினால் காரியத்தில் இறங்கு என்பதே இவை எல்லாம் சொல்வது.

தேர் எப்படி நகர்கிறது?

ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போயிருப்பீர்கள். அவ்வளவு பெரிய தேர். ஆயிரக்கணக்கான பேர் வடத்தைப் பிடித்திருப்பார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. "கோவிந்தா!" என்று ஒரே குரல் எழும்போது எல்லாக் கையும் ஒரே நொடியில் இழுக்கும். அப்போது தேர் கிளம்பும்.

தேரை இழுத்தது கைதான். ஆனால் கைகளை ஒன்றாக்கியது சொல். நாற்று நடும்போதும், கிணறு வெட்டும்போதும் பாட்டுப் பாடி வேலை செய்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும்.

"கடன் தீரலையே" என்று கேட்ட சகோதரிக்கு இப்போது நாங்கள் சொல்லும் பதில் இதுதான். கை படாத சொல் தேரை நகர்த்தாது. தனியாக, மனதுக்குள், பயத்தோடு சொல்லும் சொல் நம்மை மேலும் பயமுறுத்தத்தான் செய்யும். நாலு பேர் முன்னால், தெளிவாக, செய்யப்போகும் வேலையோடு சேர்த்துச் சொல்லும் சொல்லுக்குத்தான் இழுக்கும் சக்தி உண்டு.

நோன்பு என்பது ஒரு தீர்மானம்

திருப்பாவையைக் குழு நடத்துகிறவர்களின் கண்ணோடு படித்துப் பாருங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஒழுங்கு அதில் இருக்கிறது.

முதல் பாட்டிலேயே மாதம் எது, நாள் எது, யார் யார் வரவேண்டும் என்பது வந்துவிடுகிறது. இரண்டாம் பாட்டில் கட்டுப்பாடுகள் வருகின்றன. விடிவதற்கு முன் குளிப்போம். நெய்யும் பாலும் சேர்க்க மாட்டோம். மை தீட்ட மாட்டோம், பூ முடிக்க மாட்டோம். செய்யத் தகாததைச் செய்ய மாட்டோம். முடிந்தவரை பிறருக்குக் கொடுப்போம். இவற்றின் நடுவே, ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் போய்க் கோள் சொல்ல மாட்டோம் என்பதும் ஒரு கட்டுப்பாடாக வருகிறது.

மூன்றாம் பாட்டில் பலன். அந்தப் பலன் "எனக்கு" என்று இல்லை. நாடு முழுக்க மழை பெய்ய வேண்டும், வயல் விளைய வேண்டும், மாடு குடம் குடமாகக் கறக்க வேண்டும் என்று வேண்டுகிறார்கள். கண்மாய் நிறைந்தால்தான் பிழைப்பு என்று தெரிந்த ஊர்ப் பெண்ணின் வேண்டுதல் அது. கடைசியில் 27ஆம் பாட்டில், விட்டுவைத்த நகையும் புடவையும் பால்சோறும் திரும்ப வருகின்றன. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கூடாரவல்லி என்று மார்கழி 27ஆம் நாள் அக்காரவடிசல் செய்வது இதற்காகத்தான்.

நாள், ஆள், செய்வது, செய்யாதது, பலன். நம் தீர்மான நோட்டில் எழுதுவதும் இதைத்தானே?

இன்றைய ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர் 1999ல் எழுதிய ஒரு கட்டுரை பெயர் பெற்றது. "செய்வேன்" என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்று அதில் விளக்கினார். "சேமிக்கணும்" என்பது ஆசை. "சனிக்கிழமை சம்பளம் வாங்கின உடனே, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, 50 ரூபாயை ஊக்குநர் கையில் குடுத்துருவேன்" என்பது தீர்மானம்.

நாங்கள் செய்த தப்பு

கோள் சொல்ல மாட்டோம் என்ற கட்டுப்பாடு நோன்பில் ஏன் வந்தது என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம். சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. ஊர் பேரும் குழுவின் பேரும் இங்கே வேண்டாம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் ஒரு குழு. 15 உறுப்பினர்கள். அதில் ஒரு சகோதரி கறவை மாடு வாங்க 15,000 ரூபாய் கடன் எடுத்தார். எட்டு மாதம் தவறாமல் கட்டி 4,000 ரூபாய் அசலைக் குறைத்தார். பிறகு மாடு செத்துப்போனது. இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. அடுத்த நான்கு மாதம் தவணை வரவில்லை.

அந்தச் சமயத்தில் குழுவுக்கு வங்கிக் கடன் வர வேண்டியிருந்தது. நிலுவை இருந்ததால் தள்ளிப்போனது. எங்களுக்கும் நெருக்கடி. கூட்டமைப்புக் கூட்டத்தில், மற்றக் குழுக்களும் இருக்கும்போது, நிலுவைப் பட்டியலைப் பேரோடு சத்தமாக வாசித்தோம். அதோடு நிறுத்தவில்லை. "இவங்க ஒருத்தராலதான் பதினாலு பேருக்குக் கடன் கிடைக்காமப் போச்சு" என்றும் சொன்னோம்.

நாங்கள் சொன்னது கணக்கு என்று நினைத்தோம். ஆனால் அந்தச் சொல் கூட்டத்தோடு நிற்கவில்லை. குழாயடிக்குப் போகும்போது "ஏமாத்துக்காரி" என்று ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது "ஏமாத்துக்காரி மக" என்று ஆனது. அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கடைக்கு வருவதையும் நிறுத்தினார். குழுவில் மற்ற இரண்டு பேர் "அவ கட்டல, நாங்க மட்டும் ஏன் கட்டணும்?" என்று நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் நன்றாக நடந்த ஒரு குழு உடையும் நிலைக்கு வந்தது. பணம் செய்த சேதத்தைவிடச் சொல் செய்த சேதம் பெரிது.

பத்துப் பேர் வீட்டு வாசல்

அந்தக் குழுவில் வயதான ஒரு அம்மா உண்டு. கையெழுத்து மட்டும்தான் போடுவார். ஆனால் மார்கழி பஜனையில் திருப்பாவை முப்பதும் அவருக்கு மனப்பாடம். அவர்தான் எங்களிடம் கேட்டார்: "ஏம்மா, ஆண்டாள் பத்துப் பேர் வீட்டு வாசல்ல போய் நின்னாளே, நீங்க ஒரு வீட்டு வாசலுக்குப் போகலியே?"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். நாங்களும் பிறகு எடுத்துப் படித்துப் பார்த்தோம். திருப்பாவையில் 6ஆம் பாட்டிலிருந்து 15ஆம் பாட்டு வரை, பத்துப் பாட்டும் எழுந்து வராத தோழிகளை எழுப்பும் பாட்டு. முப்பதில் பத்து என்றால் மூன்றில் ஒரு பங்கு! கடவுளைப் பார்க்கப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள், வராதவளை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கிறார்கள். பறவை கத்திவிட்டது, விடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். மாமன் மகளே என்று முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். "உன் மக ஊமையா, செவிடா?" என்று அவள் தாயிடம் கிண்டலாகக் கேட்கிறார்கள். கேலி உண்டு, கோபம் உண்டு. ஆனால் "அவ இல்லாம போவோம்" என்ற பேச்சு ஒரு பாட்டிலும் இல்லை.

பதினைந்தாம் பாட்டு வாசலுக்கு வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவளும் பேசிக்கொள்ளும் வாக்குவாதம். "இன்னுமா தூங்குற?" என்று வெளியே கேட்க, "கத்தாதீங்க, வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளே இருந்து பதில் வருகிறது. "உன் வாய் எங்களுக்குத் தெரியாதா?" என்று வெளியே. "நீங்கதான் வாயாடிங்க" என்று உள்ளே. இப்படியே போனால் விடிந்து வெயில் வந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் பெண், சரி, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள். சண்டை அத்தோடு முடிகிறது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்கிறாள். "நீயே வந்து எண்ணிப் பாத்துக்க" என்கிறார்கள். வருகைப் பதிவேடு அப்போதே இருந்திருக்கிறது!

வைணவப் பெரியவர்கள் இந்தப் பாட்டைத் தனியாக எடுத்து விளக்குவார்கள். தன் மேல் இல்லாத குற்றத்தையும் "என்னுடையது" என்று ஏற்றுக்கொள்வதுதான் அடியார்க்கு அழகு என்பார்கள். எங்களுக்கு அதில் பட்டது வேறு. எங்கள் விஷயத்தில் தப்பு உண்மையிலேயே எங்கள் மேல்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த அம்மாவும், ஊக்குநரும், நாங்களுமாக அந்த வீட்டு வாசலுக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது. "மதினி, நாங்கதான்" என்று ஊக்குநர் கூப்பிட்டார். "பணம் இல்ல. போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பணம் கேட்டு வரல. கூட்டத்துல நாங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு எங்க மேலதான்" என்று நாங்கள் சொன்னோம்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. அவர் எங்களைக் கேட்டார்: "வாங்குன கடனை இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்குக் குடுத்துருவேன் மேடம். எனக்குக் கிடைச்ச பேரை நீங்க எப்படித் திருப்பி வாங்கிக்குவீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவர் கூட்டத்துக்கு வந்தார். எல்லோர் முன்னாலும் நாங்கள் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னோம். குழு மூன்று தீர்மானம் எழுதியது. ஒன்று, பாக்கி அசல் 11,000 ரூபாயை மாதம் 500 வீதம் அவர் கட்டுவார், அதற்கு மேல் வட்டி ஏற்றுவதில்லை. இரண்டு, நிலுவையைப் பற்றிக் குழுவுக்குள் மட்டும் பேசுவது, வெளியே பேசுவதில்லை. மூன்று, யாராவது இரண்டு கூட்டம் வரவில்லை என்றால் இரண்டு பேர் அவர் வீட்டு வாசலுக்குப் போவது. எழுதி முடித்ததும் பதினைந்து பேரும் சேர்ந்து சத்தமாக வாசித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

22 மாதத்தில் அவர் கடனைக் கட்டி முடித்தார். நிறுத்திய மற்ற இரண்டு பேரும் முதல் மாதமே கட்டத் தொடங்கினார்கள். ஆனால் அவர் மகள் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறாள். சொன்ன சொல்லை முழுசாகத் திருப்பி எடுக்க முடியாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் சொல்லே நமக்கு ஜாமீன்

சேதம் செய்த சொல்லைப் பற்றிச் சொன்னோம். கட்டி எழுப்பிய சொல்லையும் சொல்ல வேண்டும்.

நிலம் இல்லாத, நகை இல்லாத, கையெழுத்துக்கூடத் தெரியாத பெண்ணுக்கு வங்கி கடன் தருமா? ஒரு காலத்தில் கேட்டால் சிரித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் நம்மைப் போன்ற குழுக்கள் தொடங்கின. 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சொத்து ஜாமீன் இல்லை. பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வங்கி பார்த்தது என்ன? தவறாமல் கூட்டம் கூடுகிறார்களா, சேமிக்கிறார்களா, உள்கடன் கொடுத்துத் திருப்பி வாங்குகிறார்களா, நோட்டில் எழுதுகிறார்களா என்பதை. அதாவது, சொன்ன சொல்லைச் செய்கிறார்களா என்பதை. இன்று நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் இந்த வழியில் கடன் வாங்குகிறார்கள். அவர்கள் வைத்த ஜாமீன் அவர்கள் சொல்தான்.

இன்னொரு உதாரணம், ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் சகோதரிகளுக்குப் பெருமையாக இருக்கும். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நம் அறிவொளி இயக்கம் போலவே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. இரவு வகுப்பில் பெண்கள் படித்த பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒன்று இருந்தது. ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சாராயக் கடையை மூடவைத்தவளின் கதை. துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள், பேசினார்கள். "கதையில நடந்தா நம்ம ஊர்லயும் நடக்கும்" என்று தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அவர்களில் முன்னே நின்றவர் ரோசம்மா. துபகுண்டா பெண்கள் செய்தது அடுத்த புத்தகத்தில் ஒரு பாடமாக ஏறியது. அதைப் படித்து மற்ற ஊர்ப் பெண்கள் கிளம்பினார்கள். 1992ல் சாராய ஏலத்தையே நடத்த முடியாதபடி மறித்தார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997ல் அந்த மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு கதையின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாநிலத்தையே அசைத்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஏமாற வேண்டாம்

சொல்லுக்குச் சக்தி உண்டு என்று சொன்னவுடன் அதை விற்க வருகிறவர்களும் உண்டு. இந்தத் தகட்டை வைத்தால் கடன் தீரும், இந்த மந்திரத்தை 48 நாள் சொன்னால் பணம் கொட்டும் என்று காசு கேட்பார்கள். நினைத்தால் மட்டும் பணம் வரும் என்றால் அவர்கள் ஏன் நம்மிடம் காசு கேட்கிறார்கள்? அதை மட்டும் கேளுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் நல்ல வார்த்தை தைரியம் கொடுக்கும். ஆனால் மருந்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையும் வேண்டும், நல்ல வார்த்தையும் வேண்டும்.

முக்கியமாக இன்னொன்று. கஷ்டத்தில் இருப்பவரிடம் "நீ கெட்டதையே நினைச்ச, அதான் இப்படி ஆச்சு" என்று சொல்லவே கூடாது. மாடு செத்தது எண்ணத்தால் இல்லை. குழந்தை இல்லாததும், கணவர் இறந்ததும் யாருடைய ராசியாலும் இல்லை. "ராசி இல்லாதவ" என்ற சொல் எத்தனை பெண்களை நல்ல காரியத்துக்கு முன்னால் போய் நிற்க விடாமல் செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். நம் குழுவுக்குள் அந்தச் சொல் நுழையாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

செய்து பார்ப்போமா?

1. கூட்டத் தொடக்கத்தில் உறுதிமொழி வாசிக்கிறோம். பழக்கத்தில் ஓட்டமாக வாசிக்காமல், இந்த மாதம் ஒரே ஒரு வரியை எடுத்து, "இதை நாம செய்யுறோமா?" என்று பேசிவிட்டு வாசிப்போம்.

2. தீர்மானம் எழுதும்போது "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பதோடு நிறுத்த வேண்டாம். யார், என்றைக்குள், எப்படி என்பதையும் எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசிப்போம்.

3. நிலுவை வைத்தவரின் பேரைக் குழுவுக்கு வெளியே சொல்ல மாட்டோம். ஊக்குநர், பிரதிநிதி, எங்களைப் போன்ற களப்பணியாளர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். நாங்கள் மீறினால் கூட்டத்திலேயே எங்களைத் தட்டிக் கேளுங்கள்.

4. இரண்டு கூட்டம் வராதவர் வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் போவோம். முதல் பேச்சு பணத்தைப் பற்றி இருக்கக் கூடாது. "எப்படி இருக்கீங்க மதினி? ஏன் வரல?" என்பதே முதல் பேச்சாக இருக்கட்டும்.

5. வீட்டில் ஒரு வாரம், ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பிள்ளையைத் திட்டும்போது வாயில் வரும் "உருப்படாதவ" என்ற சொல்லுக்குப் பதில் அவள் செய்த தப்பை மட்டும் சொல்வோம். ஒரு வாரத்தில் அவள் முகத்தைப் பாருங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

• நீங்கள் கஷ்டத்தில் இருந்தபோது யார் சொன்ன வார்த்தை உங்களைத் தூக்கிவிட்டது? அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?

• நம் குழுவில் இப்போது வராமல் இருப்பவர் யார்? கடைசியாக அவரைப் பற்றி நாம் என்ன பேசினோம்?

• நம் குழுவில் யாராவது ஒருவர் "தப்பு என் மேலதான்" என்று சொன்னால் தீர்ந்துவிடும் சண்டை ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்ததும், எல்லோரும் வந்தாச்சா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.

போயிட்டு வாரோம் சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.